ஒன்றாம் எண்ணின் முடிவு

குன்றாண்டார்கோவில்
9.12.1966

திரு. உடையப்பன் அவர்களுக்கு,

சுகம் விசாரிக்க எழுதும் கடிதம் இல்லை இது. எட்டு மாதமாக நீங்களும் விசாரிக்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை. சித்திரையில் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க, "வேலையா நானா, ரெண்டுல ஒண்ணச் சொல்லு" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறினீர்கள். கட்டியவள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே பம்பாய்க்கு வந்துவிடுவாள் என்று நினைத்தீர்கள். நான் வரவில்லை. அந்தப் பேச்சை இப்போது எடுக்கப் போவதில்லை. சுகாதார நர்சு ஒருத்தி எழுதுகிறாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணி மாதம் டி.பி. சர்வேக்காக எக்ஸ்ரே வண்டி செங்காட்டுப்பட்டிக்கு வந்தது. எந்த ஊரிலும் நடப்பதுபோல, பெட்டிக்குள் நின்றால் ரத்தத்தை உறிஞ்சிவிடும் என்று ஒருவரும் வரவில்லை. எப்போதும்போல நான்தான் முதலில் போய் நின்று காட்டினேன். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு பேர். நின்ற வரிசைப்படி ஆளுக்கொரு எண். இந்த மாதிரிப் படங்களின் முடிவையெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் போட்டு ஆளுக்கொரு சீட்டாக அச்சடிக்கிறோம் என்று, நாம் பேசிக்கொண்டிருந்த காலத்தில் பெருமையாக எழுதியிருந்தீர்கள்.

திங்கட்கிழமை சீட்டுகள் வந்தன. எல்லாம் இங்கிலீஷ். ஊரில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. சாவடி முன்னால் எல்லோரையும் உட்கார வைத்து நானே ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டு வாசித்தேன். இப்படித்தான் எல்லா ஊரிலும் செய்கிறோம். அதுதான் நான் செய்த பாவம்.

பதினேழாம் எண் அழகி. ஆண்டிச்சாமியின் மகள், பத்தொன்பது வயது. தை பன்னிரண்டு கல்யாணத்துக்குப் பாக்கு மாற்றியாகிவிட்டது. அவள் சீட்டில் "நெஞ்சில் நிழல், உடனே வரவும்" என்று இருந்தது. அதையும் வாசித்துவிட்டேன். மறுநாளே மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆண்டிச்சாமி மகளை மாட்டுக் கொட்டகையில் தள்ளி, தட்டும் செம்பும் தனியாக வைத்துவிட்டார். இத்தனைக்கும் விடாமல் இருமுவது அவர். அவர் சீட்டில் "குறை ஒன்றும் இல்லை" என்று இருக்கிறது.

அழகிக்குச் சளி மூன்று தடவை பார்த்தாகிவிட்டது. ஒன்றுமில்லை. சொன்னால், "மிஷினே சொல்லிப்புருச்சு, நீ என்னத்தா மாத்திப் பேசுற?" என்கிறார் ஆண்டிச்சாமி. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பழுது, தை முடிந்துதான் சரியாகுமாம். வண்டி ராமநாதபுரம் பக்கம் போய்விட்டது.

உங்கள் மெஷின் தப்புச் செய்திருக்குமா? இதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

இப்படிக்கு
ரா. செவந்தி
சுகாதார நர்சு


மாதுங்கா, பம்பாய்
14.12.1966

செவந்திக்கு,

எட்டு மாதம் கழித்து எழுதினாய், அதுவும் ஊரான் மகளுக்காக. சந்தோஷம்.

கேட்டதற்குப் பதில்: மெஷின் தப்புச் செய்யாது. அதற்குச் சொந்தப் புத்தி கிடையாது என்பதுதான் காரணம். அதன் மெமரி எட்டாயிரம் சின்ன அறைகள். தபாலாபீசில் கடிதம் பிரித்துப் போடும் அறைகள் மாதிரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் எழுத்து. இரண்டாயிரத்துப் பதினேழாம் அறையைப் பார் என்றால் அதைத்தான் பார்க்கும். பக்கத்து அறையை எட்டிப் பார்க்கும் வழக்கம் மனிதர்களுக்குத்தான் உண்டு.

உங்கள் ஊர் முடிவுகள் 2001ஆம் அறையில் தொடங்குகின்றன. முதல் ஆளுடைய முடிவு 2001, பதினேழாம் ஆளுடையது 2017. குறை இல்லை என்றால் பூஜ்யம், நிழல் என்றால் ஒன்று, படம் கலங்கியிருந்தால் இரண்டு. இவ்வளவுதான். மெஷினுக்கு இந்தக் கட்டளைகளைச் சொல்லும் அசெம்ப்ளி புரோகிராமை எழுதியவன் நான். இருபத்து மூன்று ஊர்களுக்கு ஓட்டியிருக்கிறோம், எங்கிருந்தும் ஒரு புகார் இல்லை. உன் கடிதம் வந்ததும் வரி வரியாக மறுபடி பார்த்தேன். பிசகே இல்லை.

டாக்டர்கள் படத்தைத் தப்பாகப் பார்த்திருக்கலாம், அல்லது உங்கள் வண்டிக்காரர்கள் எண்ணை மாற்றி ஒட்டியிருக்கலாம். அங்கிட்டுக் கேள். இங்கே ஒரு குறை என்று வெளியே வந்தால் முதலில் போவது என் வேலை. அந்த வேலைக்காகத்தான் நான் இந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் ஆறு பேருடன் ஓர் அறையில் கிடக்கிறேன். உனக்கு அதெல்லாம் எங்கே தெரியப் போகிறது.

சைக்கிளில் ஊர் ஊராக அலைவதை இன்னும் விடவில்லை போலிருக்கிறது.

உடையப்பன்


குன்றாண்டார்கோவில்
20.12.1966

உங்களுக்கு,

அழகி நேற்று மத்தியானம் கிணற்றில் விழுந்துவிட்டாள். ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்த பிச்சைமுத்து குதித்துத் தூக்கினார். உயிர் இருக்கிறது. வயிற்றில் இருந்த தண்ணீரை நான்தான் அமுக்கி எடுத்தேன். கண் திறந்ததும் அவள் சொன்னது: "எதுக்குக்கா தூக்குனீங்க? எங்கய்யா என்னயத் தொடக்கூட மாட்டேங்குறாரு. நீங்களும் இங்கிட்டு வராதீங்க, ஒங்களுக்கும் ஒட்டிக்கிரும்."

உங்கள் வேலை போய்விடும் என்று எழுதியிருந்தீர்கள். வாசித்தேன்.

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் கேளுங்கள். படம் எடுத்த அன்று நானும் ஒரு நோட்டில் வரிசை எழுதி வைத்தேன். படம் எடுக்கும்போது இரண்டு பேர் ஆடிவிட்டார்கள். முப்பத்தொன்றாம் எண் ஒரு குழந்தை, வீரிட்டு அழுதது. ஐம்பத்து நாலாம் எண் கண்ணாத்தாள் கிழவி, நிற்கும்போதே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். இருவர் படமும் கலங்கியிருக்கும், திரும்ப எடுக்க வேண்டிவரும் என்று வண்டிக்காரர் அப்போதே சொன்னார், எழுதிக்கொண்டேன்.

"படம் கலங்கியது" என்ற சீட்டு இரண்டே இரண்டுதான் வந்திருக்கிறது. ஒன்று முப்பதாம் எண்ணுக்கு, மற்றது ஐம்பத்து மூன்றாம் எண்ணுக்கு.

இரண்டு இடத்திலும் சரியாக ஓர் ஆள் முன்னால். வண்டிக்காரர் எண்ணை மாற்றி ஒட்டினால் இப்படி ஒழுங்காக மாறுமா? எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் வரிசையில் நின்றவர்களை எனக்குத் தெரியும். அழகிக்கு அடுத்து நின்றவர், பதினெட்டாம் எண், அவளுடைய அப்பா.

இண்டெக்ஸ் ரிஜிஸ்டர் என்று ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டேன் என்று போன வருஷம் இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை, புரிந்தது என்று பதில் போட்டேன். அது வரிசையாக ஒன்றை அடுத்து ஒன்றை எடுக்கும் சமாசாரம்தானே? அங்கே பாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அவள் மறுபடி கிணற்றுக்குப் போவாள். அவளைக் காவல் காக்க எனக்கு ஆள் இல்லை, இப்போதெல்லாம் சைக்கிளில் மேடு ஏறினாலே எனக்கும் மூச்சு வாங்குகிறது.

செவந்தி


பம்பாய்
26.12.1966

செவந்தி,

நீ சொன்னதுதான் சரி.

உனக்குப் புரியும்படி இந்தத் தடவையாவது சொல்கிறேன். புது ஊருக்குப் போனால் யாராவது ஒருவர் வீட்டுக்கு வழி எப்படிச் சொல்வார்கள்? பிள்ளையார் கோயிலிலிருந்து எண்ணிக்கொண்டு போ, பதினேழாவது வீடு என்பார்கள். கோயில் நகராது. எண்ணிக்கை உன் மனதில் இருக்கிறது. அதேதான் இதுவும். என் கட்டளையில் 2000 என்ற அறை எண் மட்டும்தான் இருக்கிறது, அது மாறவே மாறாது. எத்தனையாவது என்ற எண்ணிக்கை இண்டெக்ஸ் ரிஜிஸ்டரில் இருக்கிறது. முடிவை எடுக்கும் நேரத்தில் மெஷின் இரண்டையும் கூட்டி அந்த அறையைப் பார்க்கும். ஒரு சீட்டு முடிந்தால் ரிஜிஸ்டரில் ஒன்று கூடும். ஒரே கட்டளையை வைத்து ஊர் முழுக்க நடந்துவிடலாம். இது இல்லாத மெஷினில் ஒவ்வோர் ஆளுக்கும் கட்டளையையே திருத்த வேண்டும். அதனால்தான் அன்றைக்கு அவ்வளவு பெருமையாக எழுதினேன்.

ஆனால் ஒவ்வோர் ஊர் தொடங்கும்போதும் ரிஜிஸ்டரில் ஒன்று என்று போட்டாக வேண்டும். போட்டிருக்கிறேன். அந்த வரியைத்தான் நான் நூறு தடவை பார்த்துவிட்டு, பிசகில்லை என்று உனக்கு எழுதினேன்.

பார்க்காமல் விட்டது வேறு. பிரிண்டரில் தாள் சிக்கினால் திரும்பத் தொடங்க ஓர் இடம் வைத்திருக்கிறேன். முடிவுகள் ஏற்கெனவே மெமரியில் இருப்பதால், அவற்றை மறுபடி ஏற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம், பெயர்க் கார்டுகளை மட்டும் முதலிலிருந்து படித்தால் போதும் என்று அந்த இடத்தைக் கீழே தள்ளி வைத்தேன். ரிஜிஸ்டரில் ஒன்று போடும் வரி அதற்கு மேலே நின்றுவிட்டது, திரும்பத் தொடங்கும்போது அது ஓடாது. உங்கள் ஊரை ஓட்டும்போது முதல் சீட்டிலேயே தாள் சிக்கியது. அதற்குள் ரிஜிஸ்டர் இரண்டுக்குப் போய்விட்டது. ஆபரேட்டர் திரும்பத் தொடங்கினார். பெயர்கள் ஒன்றிலிருந்து வந்தன, முடிவுகள் இரண்டிலிருந்து வந்தன.

எல்லோர் கையிலும் இருப்பது தனக்கு அடுத்து நின்றவரின் முடிவு. கார்டுகளைக் கையால் எடுத்துப் பார்த்துவிட்டேன். அழகிக்கு ஒன்றும் இல்லை. நிழல் ஆண்டிச்சாமிக்கு. கடைசி ஆளான நூற்றுப் பன்னிரண்டுக்கு 2113ஆம் அறையில் கிடந்தது போயிருக்கிறது. அது அதற்கு முன் ஓட்டிய ஊரின் மிச்சம், யாரோ ஒரு கறம்பக்குடிப் பக்கத்து மனிதருடையது.

அழகியிடம் உடனே சொல்லு. அச்சடித்த புதுச் சீட்டுக்கு மேலதிகாரி கையெழுத்து வேண்டும். இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லத்தான் போகிறேன். ஒரு வாரம் பொறு. உன் உடம்பைப் பார்த்துக்கொள். சைக்கிளில் போகாதே.

உடையப்பன்


குன்றாண்டார்கோவில்
1.1.1967

உங்களுக்கு,

கடிதம் கிடைத்த கையோடு ஓடினேன். இந்த முறை சாவடியில் வாசிக்கவில்லை. வீட்டுக்குள் வைத்து அப்பாவிடமும் மகளிடமும் மட்டும் சொன்னேன். ஆண்டிச்சாமி எழுந்து கொட்டகைக்குப் போய் அழகியின் பாயைச் சுருட்டி வெளியே போட்டார், அந்த இடத்தில் தன் பாயை விரித்தார். "நீ உள்ள போத்தா" என்றார். அவள் போகவில்லை, வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். கொட்டகை எதற்கு, மாத்திரையும் ஊசியும் போட்டால் குணமாகும் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. நாளை மறுபடி சொல்வேன்.

மாப்பிள்ளை வீட்டார் அச்சடித்த சீட்டைக் கண்ணால் பார்த்தால்தான் பேசுவார்களாம். ஒரு வாரம் பொறு என்கிறீர்கள். தை பன்னிரண்டுக்கு எத்தனை வாரம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இனி மற்றது. உங்கள் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். கோயில், வீடு, எண்ணிக்கை எல்லாம் இந்தத் தடவை நன்றாகவே புரிந்தது. புரிந்ததால்தான் கேட்கிறேன். அழகியைப் பற்றி எழுதினீர்கள், ஆண்டிச்சாமியைப் பற்றி எழுதினீர்கள், கடைசி ஆளைப் பற்றிக்கூட எழுதினீர்கள். இரண்டாம் ஆளின் முடிவு முதல் ஆளுக்குப் போனது. அப்படியானால் முதல் ஆளின் முடிவு யாருக்குப் போனது?

யாருக்கும் போகவில்லை. 2001ஆம் அறையிலேயே கிடந்திருக்கிறது.

முதல் ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியும். பெயர்க் கார்டில் பார்த்திருப்பீர்கள். சைக்கிளில் போகாதே என்று எட்டு மாதமாக இல்லாத அக்கறை திடீரென்று எங்கிருந்து வந்தது?

ஐப்பசியிலிருந்து இருமல் இருக்கிறது. மழை ஈரம் என்று நினைத்தேன். "குறை ஒன்றும் இல்லை" என்று சீட்டு வந்ததும் அந்த நினைப்பையும் விட்டுவிட்டேன். ஊருக்கெல்லாம் சளி பார்க்கிறவள் என் சளியைப் பார்க்கவில்லை. ஆண்டிச்சாமியைப்போல நானும் மிஷினை நம்பினேன்.

பூஜ்யமா, ஒன்றா? ஒரே எழுத்துத்தானே. எழுதுங்கள்.

செவந்தி


பம்பாய்
6.1.1967

செவந்தி,

ஒன்று.

எழுதிவிட்டேன். 26ஆம் தேதியே தெரியும். எழுத வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. தாள் சிக்கிய அன்று நான் பிரிண்டர் பக்கத்தில்தான் நின்றேன். சிக்கிய தாளை ஆபரேட்டர் உருவி என் கையில் கொடுத்தார். மேலே உன் பெயர் இருந்தது. மாதக்கணக்காகப் பார்க்காத பெயர். இங்கேயும் வந்துவிட்டாளா என்று ஓர் ஆத்திரம். அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது, அதை நான் வாசிக்கவில்லை. கசக்கிக் கூடையில் போட்டேன். அந்த ஊரில் சரியாக அச்சான சீட்டு அது ஒன்றுதான்.

அதை வாசித்திருந்தால், அடுத்து வந்த சீட்டில் அதே பெயருக்கு வேறு முடிவு வந்ததைப் பார்த்திருப்பேன். அங்கேயே நிறுத்தியிருப்பேன். அழகி கிணற்றுக்குப் போயிருக்க மாட்டாள். உனக்கு ஒரு மாதம் முன்னாலேயே ஊசி தொடங்கியிருக்கும். ரிஜிஸ்டரின் மீதும் பிரிண்டரின் மீதும் பழியைப் போட்டுப் பார்க்கிறேன், நிற்க மாட்டேன் என்கிறது.

நேற்று மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தினார். பிறகு மெஷின் ஓடிய விவரம் எழுதும் லாக் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். இன்னும் மூன்று ஊர்களில் தாள் சிக்கியிருக்கிறது, மூன்றும் முதல் தாளில். புதுத் தாள் ஏற்றும்போதுதான் சிக்கும். அந்த மூன்றையும் நானே கார்டு கார்டாகச் சரிபார்த்து முடித்தபின் வேலையை விட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டார். பத்து நாளாவது ஆகும். செங்காட்டுப்பட்டிக்குப் புதுச் சீட்டுகள், கையெழுத்தோடு, இன்றே ரிஜிஸ்டர் தபாலில் வருகின்றன. அழகியின் சீட்டைத் தனியாக மேலே வைத்திருக்கிறேன்.

எனக்குப் பத்து நாள் பொறுக்காது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு இன்றைக்கே ரயில் ஏறவா? ஒரு வார்த்தை எழுது. வேலையா நானா என்று அன்றைக்கு உன்னைக் கேட்டேன். இன்றைக்கு என்னிடம் வேலையும் இல்லை, உன் எதிரில் நிற்க முகமும் இல்லை.

உடையப்பன்


குன்றாண்டார்கோவில்
11.1.1967

உங்களுக்கு,

சீட்டுகள் வந்தன. அழகியின் சீட்டை மாப்பிள்ளை வீட்டார் வாங்கி, வாசிக்கத் தெரியாவிட்டாலும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அழகி நடுவில் புகுந்து, "நீங்க யோசிக்க வேணாம், நான் யோசிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தை பன்னிரண்டுக்கு இங்கே கல்யாணம் இல்லை. ஆண்டிச்சாமிக்கு ஊசி தொடங்கியாகிவிட்டது, மகள்தான் பக்கத்தில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

என் சளியைப் பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணாடித் துண்டை நானே வைத்து, நானே குனிந்து பார்த்தேன். கிருமிகள் சிவப்புச் சிவப்பாக நிறைய இருந்தன. என்னுடையது இல்லை என்று நினைத்துக் கண்ணாடியை மாற்றி மறுபடி வைத்தேன். அப்போதும் இருந்தன. வரும் திங்கட்கிழமை சானடோரியத்தில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். தட்டும் செம்பும் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

ரயில் ஏறாதீர்கள். அந்த மூன்று ஊர்களையும் முதலில் முடியுங்கள். நீங்கள் யோசித்தீர்களா தெரியவில்லை, மூன்றும் முதல் தாள் என்கிறீர்களே, எந்த ஊரிலும் முதலில் நிற்பது யார்? பயந்தவர்களுக்குத் தைரியம் சொல்ல அந்த ஊர் நர்சுதான் நிற்பாள். எங்களுக்கெல்லாம் அப்படித்தான் பழக்கம். அந்த மூன்று பேரும் இன்றைக்கும் சீட்டை நம்பி சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய 2001ஆம் அறையில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஊருக்கு முன்னால் அவர்களுக்குத் தந்தி கொடுங்கள். பத்து நாள் ஆனாலும் இருந்து செய்துவிட்டு வாருங்கள்.

ரா. செவந்தி
சுகாதார நர்சு

மேலே இருப்பது நர்சு எழுதியது. கையெழுத்தும் போட்டாகிவிட்டது. கடிதத்தை மடித்துவிட்டுத் திரும்பவும் பிரித்தேன்.

மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. வாங்க. உடனே வாங்க.